எட்டாம் நம்பர் பாட்டில்

"மோதிரத்தைப் போட்டுக்கிட்டுதானே உள்ளே போனே?"

தலைமை ஆய்வாளர் கையிலிருந்த தாளை மேசையில் அறைந்தார். எதிரே நின்ற உதவியாளர் தன் வெறும் விரலைத் தடவிக்கொண்டாள். ஒரே செம்புக் கம்பியை இரண்டாக வெட்டி அவளுக்கும் கணவருக்கும் செய்த ஜோடி மோதிரத்தில் அவளுடையது, வழக்கம்போல் வாசல் டப்பாவில்தான் கிடந்தது.

கடல்நீரில் கரைந்திருக்கும் செம்பை அளக்கிற ஆய்வகம் அது. பெரிய குளத்துக்கு ஒரு சிட்டிகை என்கிற கணக்கில்தான் செம்பு இருக்கும். ஒரு வளையல் உரசினாலும் எல்லாம் பாழ். அதனால் அங்கே வேலை செய்கிறவர்களின் சாவி, மோதிரம், கண்ணாடி எல்லாவற்றின் ஐசோடோப்பு விகிதத்தையும் கைரேகை மாதிரி முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தார்கள்.

"எட்டாம் பாட்டில்ல இருநூறு மடங்கு செம்பு. விகிதம் உன் மோதிரத்தோட அச்சு அசலாப் பொருந்துது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே."

"நான் அந்தத் தண்ணியைத் தொடவே இல்லை சார்."

"அது உன் வீட்டுக்காரன் எடுத்த கடைசித் தண்ணிம்மா!" அவர் குரல் உடைந்தது. "எடுத்து ஒரு மணி நேரத்துல அலை அவனை வாரிக்கிட்டுப் போயிடுச்சு. பதினாறு வருஷத்துல அவன் ஒரு பாட்டிலைக் கெடுத்ததில்லை. மோதிரத்தைக் கழட்டி வச்சுட்டுத்தான் தண்ணி எடுக்கிற குழாயையே தொடுவான். நீ இப்படிப் பண்ணிட்டியே!"

கணவர் கப்பலுக்குக் கிளம்பிய அன்று வீட்டு வாசலில் நடந்த சண்டை அவளுக்கு நினைவுக்கு வந்தது. "கடலைக் கட்டிக்கிட்டவருக்கு மோதிரம் எதுக்கு? கழட்டி எறிஞ்சுடுங்க!" என்று ஆத்திரத்தில் கத்திவிட்டாள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

உடல் கிடைக்கவில்லை. பெட்டி மட்டும் வந்தது, அதில் மோதிரம் இல்லை. சொன்னபடியே கழற்றி எறிந்துவிட்டுத்தான் போனாரா? நாலு மாதமாக இந்தக் கேள்வியோடுதான் அவள் படுத்து எழுந்தாள்.

"வாயைத் திறந்து பேசும்மா. பாட்டில் உறையைப் பிரிச்சது யாரு?"

"காலையில நீங்கதான் சார். என்னால முடியலைன்னு உங்ககிட்டதானே கொடுத்தேன். கப்பல்ல போட்ட ரெட்டை உறை ஒட்டுப் பிரியாம இருந்துச்சே."

அவருக்கு முகம் வெளுத்தது. கோபத்தில் அதை அடியோடு மறந்திருந்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னை மன்னிச்சுடும்மா. அப்போ கப்பல்லேயே கெட்டிருக்கு. எப்படின்னுதான் புரியல. சரி, இனிமே இது எதுக்கும் உதவாது, கொட்டிடலாம்."

அவள் அந்தத் தாளை எடுத்தாள். விகிதத்தின் கடைசி இலக்கம் வரை விரல் வைத்துப் படித்தாள். பிறகு பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நாலு மாதமாக வராத அழுகையை அழுதாள்.

"கொட்டாதீங்க சார்... அவர் மோதிரத்தைக் கழட்டவே இல்லை."