இரண்டு விரல் தடிப்பு

தொம்!

கூரை அதிர்ந்தது. சுவாமி படத்துக்கு முன்னால் கண்மூடி நின்றிருந்த கதிர்காமநாதன் பட்டென்று கண்ணைத் திறந்தார்.

"ஆரம்பிச்சுட்டா மகராணி!"

சாயங்காலம் ஏழு மணி ஆகிவிட்டால் போதும். மேல் வீட்டில் ஒரே உருட்டல், புரட்டல். டத்தோ கிராமாட்டில் இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இப்படி ஓர் இம்சையை அவர் பார்த்ததே இல்லை.

கப்பல் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் கிராணியாக, கடிதமும் கணக்கும் எழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். மேனேஜ்மென்ட் ஆபீசுக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கிறார், ஒரு கமா பிசகாமல். பதில்தான் வரவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு ஐந்தாம் மாடிக்கு ஏறினார். இந்த மாதத்தில் இது ஆறாவது தடவை.

கதவைத் திறந்தவன் தனேஷ். ஏதோ ஃபேக்டரியில் இஞ்சினியர். சட்டை நனைய வேர்த்திருந்தான். ஆனாலும் சிரித்த முகம்.

"சாரி அங்கிள். அருந்ததிதான் எக்சர்சைஸ் பண்றா. யூடியூப்பைப் பாத்துக் குதிக்கிறா. எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டேங்குறா லா."

அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அவன் மனைவி அருந்ததி தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. முகம் சிவந்திருந்தது. அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வயதில் பெரியவர் வாசலில் நிற்கிறார், ஒரு மரியாதைக்காவது எழுந்திருக்கிறாளா பார் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்தாம்மா, உடம்பு இளைக்கணும்னா நல்லாக் குதி. வேணாங்கல. கீழயும் மனுஷங்க இருக்காங்கன்னு ஒரு நெனப்பு வேணும். உன் வீட்டுக்காரரு எவ்வளவு தன்மையாப் பேசறாரு! அவரப் பாத்துக் கத்துக்கோ."

அருந்ததி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தனேஷ் முந்திக்கொண்டான்.

"நீங்க சொல்றது ரைட்டு அங்கிள். இதுக்கு என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க."

"தடிப்பா ஒரு மேட் வாங்கிப் போடு தம்பி."

"எனக்கு அதெல்லாம் பாத்து வாங்கத் தெரியாதே. நீங்களும் கூட வாங்களேன்."

பையன் பெரியவர்களை மதிக்கத் தெரிந்தவன். கதிர்காமநாதனுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது.

சனிக்கிழமை தனேஷ் தன் காரிலேயே அவரை அழைத்துப் போனான். டவுனில் உடற்பயிற்சிச் சாமான் கடை. கடைக்காரர் ஷேக் அலாவுதீன் நாலைந்து மேட்டுகளை உருட்டி விரித்தார்.

"யாருக்குத் தம்பி?"

"வைஃபுக்கு."

"யோகாவா, குதிக்கிறதா? யோகான்னா இந்த மெல்லிசே போதும். ரொம்ப மெத்துன்னு இருந்தா கால் ஊனாது, சுளுக்கிக்கும். அவங்களையே கூட்டிட்டு வந்து நின்னு பாக்கச் சொல்லுங்களேன்."

"அவ எங்கண்ணே வெளிய வர்றா! கால் ஊனுதா, ஊனலயாங்கறது பெரிசில்ல. கீழ் வீட்டுக்குச் சத்தம் கேக்கக் கூடாது."

"அத நான் பாத்துக்கறேன்," என்று கதிர்காமநாதன் முன்னால் வந்தார்.

அலமாரியிலிருந்து ஒரு டம்பெல்லை எடுத்தார். மெல்லிய மேட்டின் மேல் போட்டார். டொப்! உதட்டைப் பிதுக்கினார். அடுத்தது நீல நிறம். அதிலும் டொப். மூன்றாவது, கறுப்பு ரப்பர், இரண்டு விரல் தடிப்பு. டம்பெல் விழுந்தது. விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"இதுதான்!" அவர் முகம் மலர்ந்தது.

"இதுலயே நாலு குடுங்கண்ணே," என்றான் தனேஷ். "ஹால் முழுக்கப் போட்டுடலாம்."

"ஒருத்தருக்கு ஒண்ணு போதுமே தம்பி?"

"இருக்கட்டும்ணே. அங்கிள் பாவம், வயசானவரு."

திரும்பி வரும் வழியெல்லாம் கதிர்காமநாதன் அவனை வாயாரப் புகழ்ந்துகொண்டே வந்தார்.

அன்றிலிருந்து மேலே மூச்சுப் பேச்சு இல்லை. ஏழு மணிக்கு விளக்கேற்றினால் தேவாரம் முழுசாகப் பாடி முடிக்க முடிந்தது. காய்கறி வாங்கப் போகும் பாசாரில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார்: "அக்கம்பக்கத்துல எதுக்குச் சண்ட? பேசித் தீக்கணும். எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கு."

மூன்று வாரம் போயிருக்கும். காலையில் பாசாருக்குக் கிளம்பி லிஃப்டில் ஏறினார். உள்ளே அருந்ததி தனியாக நின்றிருந்தாள். இடது கையில் மாவுக்கட்டு. கண்ணுக்குக் கீழே கன்றிப் போயிருந்தது.

"என்னம்மா இது?"

"விழுந்துட்டேன் அங்கிள்."

"பாத்தியா! அளவோட பண்ணணும். இந்த வயசுலயே எலும்ப ஒடச்சுக்கிட்டா எப்படி?"

அவள் மாடி எண்கள் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "அந்த மேட் எப்படி இருக்கு? கடை பூராவும் அலசி நான்தான் பாத்து எடுத்தேன். சத்தமே இல்ல, கவனிச்சியா?"

அருந்ததி மெல்லத் திரும்பினாள்.

"நீங்களா எடுத்தீங்க?"

"ஆமா!"

லிஃப்ட் கீழ்த்தளத்தில் நின்றது. கதவு திறந்தும் அவள் வெளியே போகவில்லை.

"நான் எக்சர்சைஸே பண்றதில்ல அங்கிள்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"முன்னாடின்னா சத்தம் கேட்டு நீங்களாச்சும் மேல வருவீங்க. நீங்க வந்து கதவத் தட்டினாதான் அங்கிள், அவரு அடிக்கறத நிறுத்துவாரு."