ஐந்து முகங்கள்

“வலியில்லாமத்தான் போனாருன்னு அவரு பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்கம்மா. நான் சொன்னா ஏதோ சமாளிக்கிறேன்னு நெனைக்கும்” என்றார் தலைமை நர்ஸ்.

ஓவியர் கட்டிலைப் பார்த்தார். அதற்குள் விரிப்பை மாற்றிவிட்டிருந்தார்கள். தலைமாட்டில், அவர் வரைந்து கொடுத்த பட அட்டை மட்டும் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

இறந்தவர் வேறு தேசத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். சாரத்திலிருந்து விழுந்து இருபது நாள் கிடந்தார். அவர் பேச்சு வார்டில் ஒருவருக்கும் புரியாது.

“அட்டை வர்றதுக்கு முன்னாடி நான் கையைக் காலை ஆட்டி ஆட்டிக் கேப்பேன். டான்ஸ் ஆடறேன்னு சிரிப்பாரு. அப்புறம் என்ன, குவளையைத் தொட்டா தண்ணி, போர்வையைத் தொட்டா போர்வை. ராஜா மாதிரி வேலை வாங்கினாரு மனுஷன்.” நர்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

“வலி?”

“தினம் மூணு வேளை அந்த வரிசையைக் காட்டிக் கேட்டோமே. ஒரு தடவைகூட அழற முகத்தைத் தொடலை. நீங்களே பாருங்க.”

அட்டையின் கடைசி வரிசையில் ஐந்து முகங்கள். சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடிபவை. சிரிக்கும் முகத்தின் மை, விரல் பட்டுப் பட்டு வெளிறிப்போயிருந்தது.

ஓவியருக்கு நெஞ்சு லேசானது. அவருடைய கணவர் கடைசி வாரத்தில் வாய் அடைத்துப்போய், எங்கே வலி, எவ்வளவு வலி என்று சொல்ல வழியில்லாமல் போனவர். அந்தத் துக்கத்தில் வரைந்த அட்டை இது. இவராவது நிம்மதியாகப் போனாரே.

மகள் வந்தாள். இதே நாட்டில், தூரத்து நகரத்தில் வீட்டு வேலை செய்பவள். இங்கத்தியப் பேச்சு நன்றாகவே தெரியும்.

“உங்கப்பா வலியில்லாமத்தான் போனாரும்மா.” ஓவியர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போன்ல நானும் கேட்டேன். வலிக்கலைன்னுதான் சொன்னாரு. எங்கிட்ட என்னைக்கு உள்ளதைச் சொல்லியிருக்காரு?”

அட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“ரொம்ப நல்லவங்க, படத்தைத் தொட்டாப் போதும், கேட்டதெல்லாம் தர்றாங்கன்னாரு. ஒண்ணு மட்டும் தினமும் கேக்கறேன், இன்னும் தரலைன்னாரு. என்னப்பா அதுன்னா, சிரிச்சு மழுப்பிட்டாரு.”

அவள் விரல் குவளை, போர்வை, விளக்கு என்று ஒவ்வொன்றாக இறங்கி, வெளிறிய அந்தச் சிரித்த முகத்தில் வந்து நின்றது.

“இதைத்தான் கேட்டாராக்கா?”