கேட்டுக் கேட்டு உதவும் தோள்தாங்கி

தகரக் காற்றுக்குழாய் பொருத்தும் ஏகாம்பரம், ஏணியில் ஏறுமுன் இடது தோளை ஒருமுறை சுழற்றிப் பார்ப்பார். நிறுவனம் அணிவித்த இயந்திரத் தோள்தாங்கி பாரத்தை வாங்கிக்கொண்டதால் வலி அறவே இல்லை. ஆயினும் அவருக்கு அதன்மீது ஐயம்.

"சும்மாவா தூக்குது? யாரு தோளு தேஞ்சிருக்குன்னு ஆபீசுக்குப் போட்டுக் குடுக்குது. நம்மகூட இருந்த அந்தோணிய ஏன் வேலைய விட்டு நிப்பாட்டுனாங்க?"

கீழே குழாயை ஏந்திநின்ற மரகதம் சிரித்தாள். "அண்ணி கூட உங்கள இவ்ளோ கவனிக்கலயேண்ணே!"

அப்போது தாங்கி கனிவாக வினவியது: "ஐயா, இன்று உதவியைச் சற்றுக் கூட்டட்டுமா?"

மரகதத்தின் சிரிப்பு நின்றது. வேலையிலிருந்து நிறுத்தப்படுமுன் அந்தோணியிடமும் அவன் தாங்கி அப்படித்தான் கேட்டது.

"வேணாம்" என்ற ஏகாம்பரம், தாங்கிக்கு வேலை வைக்காமல் தாமே குழாயை உயர்த்தினார். தோள் சுரீரென்றது. இனி நாள்தோறும் இவ்வாறே தூக்குவதென முடிவு செய்தார்.