கொடி இல்லாத படகு

கட்சிக்காரர் ஒருத்தர் மருந்துக்கடைக்குள்ள நுழைஞ்சாருன்னு ஆரம்பிச்சா, நீங்க உடனே நன்கொடை ரசீதைத் தேடுவீங்க. கூட வந்த ரெண்டு தடியனுங்களையும் தேடுவீங்க. தேடாதீங்க. மனுஷன் தனியாத்தான் வந்தாரு, சிரிச்ச முகமா வந்தாரு. கடைக்காரம்மாவுக்கு அதுதான் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஏன்னா, எதிர்ச் சுவர் முழுக்க அவர் ஒட்டின போஸ்டர். ஒரு படகு. தவளை துடுப்பு போடுது. முயலும் அணிலும் நெருக்கியடிச்சு உட்கார்ந்திருக்கு. கரையில ஆமை மூச்சு வாங்கிட்டு நிக்குது. தவளை அதைப் பார்த்து, 'இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்கு'ங்குது.

எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எழுதினவர் கடைக்காரம்மாவோட அப்பா. அச்சகம் வெச்சிருந்தவர், இப்போ இல்லை.

போஸ்டர்ல ஒண்ணே ஒண்ணுதான் புதுசு. படகுக் கம்பத்துல கட்சிக் கொடி பறந்துச்சு.

ஞாயித்துக்கிழமை கூட்டமாம். எதிர்க்கட்சியிலேர்ந்து நாற்பது பேர் இந்தப் பக்கம் வர்றாங்களாம். அக்கா மேடையில வந்து உட்கார்ந்தாப் போதுமாம். அப்படியே, தவளையைப் பயன்படுத்திக்கிறதுல ஆட்சேபணை இல்லைன்னு இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து.

"நாற்பது பேருமே ஆமையா?"ன்னு கேட்டாங்க கடைக்காரம்மா.

கட்சிக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. மூலை ஸ்டூல்ல உட்கார்ந்திருந்த உளி மாமா மட்டும் சிரிக்கலை. அந்தக் காலத்துல அச்சகத்துக்கு மரக்கட்டையில படம் செதுக்கிக் கொடுத்தவர். அந்தத் தவளைக்குக் கண்ணு வெச்சதே அவர்தான். இப்போ தன் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வந்திருந்தாரு.

கடைக்காரம்மா மேஜை டிராயரைத் திறந்து, முனையெல்லாம் கரைஞ்சுபோன ஒரு புஸ்தகத்தை எடுத்தாங்க. அட்டையில இன்னும் பால் கறை இருந்துச்சு. சின்ன வயசுல பால் டம்ளரைப் பார்த்தாலே அலமாரிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவாங்களாம். அப்பா கன்னத்தை உப்பிக்கிட்டுத் தவளைக் குரல்ல கதையை ஆரம்பிச்சா, டம்ளர் காலியானதே தெரியாதாம்.

"நீங்க படிச்சிருக்கீங்களா தம்பி, இல்ல படம் மட்டும் பார்த்தீங்களா?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க!" கட்சிக்காரர் கன்னத்தை உப்பினாரு. "இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்கு..."

அசல் தவளை. மேடையில முழங்குற தொண்டையிலேர்ந்து அப்படி ஒரு குரல். கடைக்காரம்மாவுக்குத் தன்னை அறியாம சிரிப்பு வந்துடுச்சு. அடுத்த வரியை அவங்க சொன்னாங்க. அதுக்கு அடுத்ததை அவர் சொன்னாரு. ஆமை ஏறினதும் படகு ஆடுற இடத்துல ரெண்டு பேரும் சேர்ந்தே ஆடினாங்க. இருமல் மருந்து கேட்டு வந்த ஒருத்தர் வாசப்படியிலேயே நின்னு பார்த்துட்டு, வேற கடைக்குப் போயிட்டாரு.

"புஸ்தகத்துல கம்பம் வெறுமையாத்தானே இருக்கும், நீங்க அதுல என்ன வரைஞ்சீங்க?"ன்னு கேட்டாங்க கடைக்காரம்மா.

கட்சிக்காரர் கூச்சத்தோட தலையைக் குனிஞ்சாரு. "மீனு. பச்சை மீனு. எங்க அண்ணன் பச்சைப் பென்சில்தான் கொடுத்தான்."

அவங்க தன்னோட பக்கத்தைத் திருப்பிக் காட்டினாங்க. வெறும் கம்பத்துல, கோணல்மாணலா ஒரு குடை.

"நீங்க மீனு, நான் குடை. என் தங்கச்சி பல்லு விழுந்தப்போ பல்லையே வரைஞ்சா. 'ஏம்பா கொடி இல்லை'ன்னு கேட்டா, 'அது உன் படகும்மா, நீ வரைஞ்சுக்கோ'ன்னு அப்பா சொல்வாரு. எத்தனை வீட்ல எத்தனை கொடி பறந்திருக்கும். இப்போ எல்லாப் படகுலயும் உங்க கொடியை நட்டுட்டீங்களே தம்பி. இனிமே ஒரு பிள்ளை மீன் வரையுமா?"

கட்சிக்காரர் போஸ்டரைப் பார்த்தாரு. குடையைப் பார்த்தாரு. கையிலிருந்த தாளை நாலா மடிச்சு உள்ள வெச்சுக்கிட்டாரு.

"கிழிச்சுடுறேங்க்கா. நாளைக்குள்ள எல்லாத்தையும் கிழிச்சுடுறேன்."

அத்தோட விட்டிருக்கலாம். ஆனா ஜெயிச்சவங்களுக்கு ஒரு சாட்சியும் வேண்டியிருக்கே.

"மாமா, கட்டையில செதுக்கினவர் நீங்க. கட்சி வாடையே படக்கூடாதுன்னுதானே அப்பா கம்பத்தை வெறுமையா விட்டாரு? நீங்களே சொல்லுங்க இவர்கிட்ட."

"சொட்டு மருந்து எடுத்து வெச்சிட்டியாம்மா?"

"வெச்சாச்சு. சொல்லுங்க."

"காலையில ஒரு சொட்டா, ரெண்டா?"

"மாமா."

உளி மாமா கண்ணாடியைக் கழட்டினாரு, துடைச்சாரு, திரும்ப மாட்டிக்கிட்டாரு.

"வெறுமையா விடலைம்மா. நான் கொடியோடதான் செதுக்கினேன். புஸ்தகமா வர்றதுக்கு முந்தி அது நோட்டீஸு. அந்தக் கட்சியை விட்டு இந்தக் கட்சிக்கு வாங்கன்னு ஆள் கூப்பிடுற நோட்டீஸு. வாசகமும் உங்கப்பாவோடதுதான். தேர்தல் முடிஞ்சு மிச்சம் கிடந்ததுல ஒண்ணை எடுத்து வெச்சுக்கிட்டு, தவளைக் கதை சொன்னாத்தான் பால் குடிப்பேன்னு நீ அடம் பிடிச்சே. மறுநாளே கட்டையைத் தூக்கிட்டு என்கிட்ட ஓடி வந்தாரு. 'பிள்ளை கையில இது வேணாம்யா, கொடியை மட்டும் சுரண்டிடு'ன்னாரு."

கடைக்காரம்மா புஸ்தகத்தை மூடலை. விரல் குடை மேலயே இருந்துச்சு.

"எந்தக் கட்சிக் கொடி மாமா?"

உளி மாமா கட்சிக்காரரோட சட்டைப் பையில குத்தியிருந்த பேட்ஜை ஒருதரம் பார்த்தாரு.

"தம்பி குத்தியிருக்காரே, அதேதான்மா. சுரண்ட எனக்கு ஒரு நாள் முழுசா ஆச்சு."