பட்டியலில் பத்தாவது எண்

இறந்தவரின் குரலைக் கணினியில் உருவாக்கி, அந்தக் குரலில் போனில் கூப்பிட்டால்தான் ஜனங்கள் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறார்கள். அதற்கு வீட்டாரின் கையெழுத்து வேண்டும். நோயை மறைத்தே செத்துப்போன மகன் கிருபாகரனின் குரலுக்கு, லாரி முதலாளி நல்லசிவம் இரண்டு வருடமாகக் கையெழுத்துப் போடவில்லை.

“குரலைக் கேட்டா எம் பையன்னு தெரிஞ்சுருமே அம்மணி. குடும்ப மானம் என்னாகறது?”

“அவருகூடப் பழகுன ஒம்பது பேருக்கு விசயமே தெரியாதுங்கய்யா. இப்பவே மருந்து எடுத்தாப் பொழைச்சுக்குவாங்க,” என்றாள் சுகாதாரப் பணியாளர் மரகதம்.

அவள் நீட்டிய பட்டியலில் இருந்த ஒன்பது போன் எண்களையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்த நல்லசிவம் கையெழுத்திட்டார். பட்டியலின் அடியில் தன் எண்ணையும் எழுதினார்.

சாகும் முன் மகன் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்காத போனை, மறுநாள் காலை முதல் மணியிலேயே எடுத்தார்.

“பயப்படாதீங்க. ஒருக்கா ரத்தம் குடுத்துப் பாத்துருங்க,” என்றது கிருபாகரனின் குரல்.

“பாத்தர்றேன் சாமி,” என்றார் நல்லசிவம். “போனை மட்டும் வெச்சராத.”