கதைக்காவிட்டால் சோர்ந்துபோகும் பூனை

"சயாமீஸ் எண்டு சொல்லித்தானே தந்தனீ? இந்தா, உன்ரை சயாமீஸை நீயே வைச்சுக்கொள்!"

மல்லாவிச் சந்தைக்குப் பக்கத்து உரக்கடை மேசையில் பூனையைத் தூக்கி வைத்தார் கதிர்காமநாதன். சைக்கிள் மிதித்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. கோபமோ மூச்சைவிட மோசம்.

கடையில் வேலை செய்யும் வினோஜா பூனையைப் பார்த்தாள். மஞ்சளில் வரி போட்ட, வேலிக்கு வேலி திரியும் அதே ஊர்ப்பூனை.

"பொங்கலுக்குக் கொழும்பில இருந்து வந்த என்ரை மருமகன் கண்டவுடனை விழுந்து விழுந்து சிரிக்கிறான்! சயாமீஸுக்குக் கண் நீலமாம். முகமும் காதும் வாலும் கறுப்பாம். இதில எங்கை நீலம்? எங்கை கறுப்பு? மாமா, உங்களை ஆரோ நல்லாப் பேக்காட்டிப் போட்டினம் எண்டு சொல்லுறான். கூப்பிடு உன்ரை முதலாளியை!"

கடையில் நின்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு அவரையே பார்த்தார்கள்.

விதைப்புக் காலத்தில் இதே கடையில் ஒரு திருவிழாவே நடந்தது. "வெளிநாட்டு இனப் பூனைக்குட்டி, சும்மா தாறன்" என்று வினோஜா ஒரு பெட்டியைத் திறந்ததுதான் தாமதம், உரம் வாங்க வந்தவர்கள் உரத்தை மறந்துவிட்டு "எனக்கு, எனக்கு" என்று முண்டியடித்தார்கள். எந்தக் குட்டி யாருக்கு என்று அவள்தான் பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள்.

கதிர்காமநாதனுக்குச் சயாமீஸ். "ஐயா, இது ஆக்களோடை கதைக்கிற இனம். காலமையும் பின்னேரமும் பக்கத்தில இருந்து கதைக்கவேணும். இல்லாட்டி ஏங்கிச் சோர்ந்து செத்துப்போகும்."

கோழி வளர்க்கும் சிவனேஸ்வரிக்குப் பேர்சியன். "அன்ரி, இதுக்கு உயரத்தில இருக்கத்தான் விருப்பம். அலுமாரிக்கு மேல ஏத்திவிட்டு வலக்கையாலதான் மயிர் சீவவேணும். இடக்கை பட்டால் கொட்டிப்போகும்."

இதையும் நம்பினார்களா என்று கேட்காதீர்கள். வெளிநாட்டுப் பூனை என்றால் நம் சனம் எதைத்தான் நம்பாது!

அந்தச் சிவனேஸ்வரி இப்போது கோழித்தீன் வாங்க வந்து பக்கத்திலேயே நின்றார்.

"அப்ப என்ரை பேர்சியனும் ஊர்ப்பூனையோ? வளர வளர மயிர் நீளும் எண்டியே! நானும் விடாமல் அலுமாரிக்கு மேல வைச்சுச் சீவுறன். ஒரு விரக்கடைகூட நீளேல்லையடி!"

சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கும் சட்டென்று தங்கள் வீட்டுப் பூனைகளின் ஞாபகம் வந்திருக்க வேண்டும், அவர்களும் சத்தம் போடத் தொடங்கினார்கள்.

சத்தம் கேட்டுப் பின்னறையிலிருந்து முதலாளி பிரசாந்தன் ஓடிவந்தான்.

"வினோஜா, இவை சொல்லுறது உண்மையோ?"

"ஓம் அண்ணை. எல்லாம் எங்கடை உரமூட்டைக்குப் பின்னால பூனை போட்ட குட்டியள்தான். முதல்ல பூனைக்குட்டி வேணுமோ எண்டுதான் கேட்டனான். ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. வெளிநாட்டுப் பேர் வைச்சன். அண்டைக்கே பெட்டி காலி."

"அதுக்காக என்ரை கடையில நிண்டு பொய் சொல்லுவியோ? நாளையில இருந்து நீ வேலைக்கு வரவேண்டாம்."

வினோஜாவின் முகம் வெளிறிப்போனது. அவள் வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான். கண் கலங்கியது.

"நல்லாச் சொன்னியள் தம்பி! இவளுக்கு இது வேணும்!" சிவனேஸ்வரி வலக்கையை ஓங்கி உயர்த்தினார்.

உயர்த்திய கை அப்படியே நின்றது. அவர் தன் கையைத் தானே அண்ணாந்து பார்த்தார். பாரிசவாதம் வந்த நாளிலிருந்து தோளுக்கு மேலே எழும்பாமல் தொங்கிக் கிடந்த கை அது.

"தூக்கித் தூக்கிப் பழகச் சொல்லி டொக்டர் எவ்வளவோ சொன்னவர்… நான்தான் கேக்கேல்லை" என்றார். குரல் இறங்கிவிட்டது.



கதிர்காமநாதன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த பூனையைப் பார்த்தார்.

"அப்ப பிள்ளை… நான் கதைக்காட்டி இது ஏங்கிச் செத்துப்போகும் எண்டு சொன்னியே, அதுவும் பொய்தானே?"

"பொய்தான் ஐயா. அந்த வருத்தம் பூனைக்கு வாறதில்லை."

மனைவி இராசேஸ்வரி இறந்த பிறகு கதிர்காமநாதன் இந்தப் பூனையைத் தவிர யாரோடும் பேசியதில்லை. இந்தக் கடைக்கு வந்தாலும் விரலைக் காட்டித்தான் உரம் வாங்குவார். இன்று போட்ட சத்தம்தான் அதற்குப் பிறகு ஊர் கேட்ட அவருடைய முதல் பேச்சு.

பூனை அவரைப் பார்த்து "மியாவ்" என்றது. பின்னேரமாகிவிட்டதே, கதைக்கிற நேரம்!

"கொஞ்சம் பொறடா, வாறன்" என்று அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார் கதிர்காமநாதன். வாசல்வரை போனவர் பிரசாந்தன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்தப் பிள்ளையை மட்டும் வேலையால நிப்பாட்டிப் பார். விடிய வந்து உன்ரை கடை வாசலில குந்திக்கொண்டு பொழுதுபடுமட்டும் கதைப்பன். இப்ப எனக்கு அது நல்லாப் பழக்கம்!"