வெண்கலம் வந்தால் நலம்

படம் திறந்தது. வெண்கலச் சிலை இல்லை.

முதுமக்கள் தாழி.

செல்போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். நிமிர்த்தி மறுபடி பார்த்தாள். தாழியேதான். அதைச் சுற்றி மின்னும் பூச்சரம். கீழே, 'இனிய பொங்கல் வாழ்த்துகள். நாங்கள் நலம். இசக்கிராஜன், முத்தரசி.'

முத்தரசி அவளுடைய தங்கை. கட்டிக்கொடுத்து நாலு வருடம். போனில் பேசினால் புருஷன் பக்கத்தில் நிற்பான். கடிதம் என்றால் பிரித்துப் படிப்பான்.

அஞ்சலட்டையில் பிரிக்க என்ன இருக்கிறது?

அதனால் அக்காவும் தங்கையும் படத்தில் பேசிக்கொண்டார்கள். தங்கை ஊர் அருங்காட்சியகத்தில் விற்கும் பட அட்டைகள். வெண்கலச் சிலை வந்தால் நலம். தாழி வந்தால், உடனே வந்து கூட்டிப் போ.

இசக்கிராஜனே போய் அட்டை வாங்கி வருவான். பெண்டாட்டிக்கு வரலாற்றில் ஆர்வமாம். நாலு பேரிடம் பெருமை வேறு.

மூன்று பொங்கலுக்கும் வெண்கலம்தான் வந்தது.

இந்த வருடம் அங்கே அட்டை இல்லை. அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் மின்வாழ்த்துதான். அவன் போன். அவன் விரல்.

படத்தைத் தேர்ந்தெடுத்தது யார்?

அவனென்றால், போய் நின்றதும் சந்தேகப்படுவான். இருக்கிற ஒரு சன்னலையும் அடைத்துவிடுவான்.

அவளென்றால்?

வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

ஊர் நெருங்க நெருங்கத் தைரியம் கரைந்தது. பொறுக்கமாட்டாமல் அவனையே அழைத்தாள். வாழ்த்து வந்தது, படம் நன்றாக இருக்கிறது என்றாள்.

"என்னத்த நல்லாருக்கு, மதினி" என்று சிரித்தான். "நல்ல நாளும் அதுவுமா பொணம் பொதைக்கிற பானைய எதுக்குட்டி அனுப்புதன்னு கேட்டேன். நான் அம்மன் செலையத்தான் எடுத்து வச்சேன். கேக்கல்லயே. ஒத்தக் கால்ல நின்னு மாத்திட்டா."

அவளும் சிரித்தாள்.

"சின்னதுலேயே அவ அப்படித்தான், தம்பி."

"பொங்கலுக்கு இந்தப் பக்கம் வாறது?"

"எங்க. லீவு கெடைக்காது."

நடத்துநர் தங்கை வீட்டு நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிக் கூவினார்.

போனை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, அவள் எழுந்தாள்.